பெட்டி மாறியது, பண்டம்?

அமெரிக்கக் காலை உணவு அட்டைப் பெட்டிகளின் படங்களை வரிசையாக வைத்து நண்பர் ஒருவர் பேசினார். 1906இல் கெலாக் விற்ற கார்ன் ஃப்ளேக்ஸில் தொடங்கி இன்றுவரை எழுத்து, நிறம், இடைவெளி எல்லாம் எப்படித் தெளிந்து வந்திருக்கின்றன பார்த்தீர்களா என்றார். நவீனத்துவத்தின் சரித்திரமே இந்த அட்டைகளில் இருக்கிறதாம். உருவம் தன்னைத்தானே புதுப்பித்துக்கொள்கிறதாம். பலர் தலையாட்டினார்கள். எனக்கு ஒப்பவில்லை.

பெட்டியின் சரித்திரத்தில் முக்கியமான சம்பவம் நிறமும் அல்ல, எழுத்தும் அல்ல, மெழுகுத்தாள். 1914 வாக்கில், ஈரம் புகாமலிருக்க அதைப் பெட்டிக்கு வெளியே சுற்றி ஒட்டினார்கள். பின்னர் தாள் உள்ளே போய்ப் பையாயிற்று. அதன்பின் அட்டை பண்டத்தைத் தொடவே இல்லை. ஈரத்தைத் தடுக்கிற வேலை பைக்கு. பேசுகிற வேலை அட்டைக்கு. பேச்சு பெருகிற்று. 1934இல் வீட்டீஸ் பெட்டியில் பேஸ்பால் வீரர் லூ கெரிக் வந்தார். 1952இல் டோனி என்கிற புலி வந்தது.

அப்போது சர்க்கரை வெட்கப்பட வேண்டிய சொல் அல்ல. 'ஷுகர் ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்', 'ஷுகர் ஸ்மாக்ஸ்', 'ஷுகர் கிரிஸ்ப்' என்று பெயரிலேயே கொட்டி வைத்தார்கள். சொத்தைப் பல், குழந்தைகளைக் குறிவைக்கும் விளம்பரம் என்று 1970களில் கண்டனம் வலுத்தது. 1980களில் சொல் மறைந்தது. முதலாவது வெறும் 'ஃப்ராஸ்டட் ஃப்ளேக்ஸ்'. இரண்டாவது 'ஹனி ஸ்மாக்ஸ்'. மூன்றாவது கடைசியில் 'கோல்டன் கிரிஸ்ப்'. சர்க்கரை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. 2011இலும் ஹனி ஸ்மாக்ஸின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான்.

நண்பர் ஆண்டி வார்ஹாலைத் துணைக்கு அழைத்தார். 1964இல் நியூயார்க்கின் ஸ்டேபிள் காலரியில் வார்ஹால் அடுக்கிய பெட்டிகளில் கார்ன் ஃப்ளேக்ஸும் உண்டு. பலகைப் பெட்டிகள், மேலே அச்சு, உள்ளே தின்ன ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்பதை அவர் ஒளிக்கவும் இல்லை. வியாபாரியின் பெட்டிக்கு ஒளிக்க ஒன்று இருக்கிறது. இந்த வித்தியாசம் பிடிபடாமல் இரண்டையும் ஒரே மூச்சில் 'உருவம்' என்பது விமர்சனம் ஆகாது.

சிலி நாட்டில் 2016 முதல், சர்க்கரை மிகுந்த பண்டத்தின் முகப்பில் கறுப்பு எண்கோணம் அச்சிட வேண்டும் என்று சட்டம். புலியையும் எடுக்க வைத்துவிட்டார்கள். அந்த எண்கோணம் அழகாக இல்லை. நண்பரின் வரிசையில் அதற்கு இடமும் இல்லை. ஆனால் முகப்பில் உள்ளிருப்பதைப் பற்றி ஒளிக்காமல் பேசுவது அது ஒன்றுதான்.

உருவத்தை நான் பழிக்கவில்லை. பண்டம் மாறியதால் மாறுகிற உருவம் ஒன்று. பண்டத்தை மாற்றாமல் தப்பிப்பதற்காக மாற்றுகிற உருவம் இன்னொன்று. புதுக்கவிதையில் நாம் எத்தனை முறை இரண்டாவதைச் செய்திருக்கிறோம்? நிலாவை எடுத்துவிட்டுத் தெருவிளக்கைப் போட்டோம். கண்ணீரை எடுத்துவிட்டு 'வெறுமை' என்று எழுதினோம். யாப்பை உடைத்து வரிகளைப் படிக்கட்டாக இறக்கினோம். நானும்தான். என் முதல் தொகுப்பை இப்போது புரட்டினால் எடையில் பாதிக்கு மேல் பழைய தித்திப்பே. அதன்மேல் யாரும் கறுப்பு எண்கோணம் ஒட்டவில்லை. ஒட்டியிருக்க வேண்டியவர்கள் விமர்சகர்கள். அவர்கள் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.