ஹெராயின்: நிறுத்திய பிறகுதான் ஆபத்து அதிகமா?

ஓபியம் செடியிலிருந்து எடுக்கும் மார்ஃபினில் தயாராவது ஹெராயின். மூளைக்குள் போனதும் மறுபடி மார்ஃபினாக மாறி வலியை மறக்கடிக்கும். கூடவே மூச்சையும் மெதுவாக்கும். அளவு மீறினால் மூச்சே நின்றுவிடும்.

நிறுத்தினால் என்ன ஆகும்?

பழகப் பழக உடம்பு அதிக டோஸ் கேட்கும். சில வாரம் நிறுத்தினாலே அந்தத் தாங்கும் சக்தி குறைந்துவிடும். மறுபடி பழைய அளவையே எடுத்தால் உயிருக்கே ஆபத்து. சிகிச்சை முடிந்து வீடு திரும்பியவரை ஆரம்ப வாரங்களில் தனியே விடக் கூடாது என்பது இதனால்தான்.

வழக்கு வருமா?

சிறிய அளவு, அதாவது ஹெராயின் என்றால் 5 கிராம் வரையிலான வழக்கில் சிக்கிய அடிமையானவர், தானே முன்வந்து அரசு அங்கீகாரம் பெற்ற மையத்தில் முழுச் சிகிச்சை பெற்றால், போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு விலக்கு தருகிறது.

ஸ்ரீமுஷ்ணத்தில் இருந்தாலும் 14446 என்ற இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.