அடையாற்றங்கரையிலிருந்து அருணைக்கு

லண்டன் மாநகரில் பத்திரிகையாளராக விளங்கிய பால் பிரண்டன், 1930-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் தன்னந்தனியராகப் பாரதம் வந்தார். கோட்டைகளையும் அரண்மனைகளையும் காண்பது அவர் நோக்கமன்று. யோகியர் என்போர் மெய்யாகவே இருக்கின்றனரா, இருப்பின் தமக்கு வழிகாட்டவல்லவர் அவர்களுள் எவர் என்று அறிவதே அவருடைய வேட்கை. எதனையும் ஆராயாது ஏற்காத அறிவும், ஆராய்ச்சியால் மட்டும் தணியாத தாகமும் அவரிடம் ஒருங்கே குடிகொண்டிருந்தன.

அந்நாளில் சென்னைக்கு வரும் ஆங்கிலேயர்கள் தோட்டங்கள் சூழ்ந்த பெரிய பங்களாக்களில் தங்குவதே வழக்கம். பிரண்டனோ நகரின் புறத்தே, அந்தணர் வாழ்ந்த தெரு ஒன்றில் வீடெடுத்தார். கால் புதையும் மணல் பரவிய தெரு, சுண்ணாம்பு பூசிய, தூண்களோடு கூடிய தாழ்வாரமுள்ள வீடுகள், நடுவே முற்றம், வாளியால் நீர் இறைக்கும் பழங்கிணறு. இருபதாம் நூற்றாண்டின் சாயல் சிறிதும் படியாத அந்த எளிமை அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. வெய்யிலின் கடுமை ஐரோப்பியரை வாட்டும் ஊர் இது. ஆயினும் அடையாற்றங்கரையின் தென்னஞ்சோலைகள் நடந்து செல்லும் தொலைவிலேயே இருந்தன. நெரிசலில் தொலைந்து போகாமல் நகரை அருகிருந்து காண அவ்விடம் அவருக்கு வாய்த்தது.

இன்று தோளோடு தோள் உரசாமல் நடக்க இயலாத தியாகராய நகர், அப்போது மாம்பலம் ஏரியைத் தூர்த்து எழுந்துகொண்டிருந்த புதுக் குடியிருப்பு. 1882 முதல் பிரம்மஞான சபையின் தலைமையிடமாகத் திகழ்ந்த அடையாறு, சோலை சூழ்ந்த புறநகர். மயிலை மட்டும் அன்றும் கபாலீசுவரர் திருக்குளத்தையும் மாடவீதிகளையும் மையமாகக் கொண்டு இயங்கிய பழம்பதியே.

அடையாற்றங்கரைப் பகுதியில் ஹடயோகி ஒருவரை அவர் சந்தித்தார். மூச்சையும் நாடித்துடிப்பையும் அடக்கிக் காட்டிய அவருடைய ஆற்றல் பிரண்டனை வியப்பில் ஆழ்த்தியது. பேசாமலே இருந்த மௌனத் துறவி ஒருவரையும் கண்டார். வியப்புக்குக் குறைவில்லை, ஆனால் வியப்பு வேறு, நிறைவு வேறு. உடலை அடக்குவோரைக் கண்ட அவருக்கு, உள்ளத்தை அமைதியில் நிறுத்தவல்லவர் இன்னும் கிட்டவில்லை. தென்னாட்டை விட்டுப் புறப்படும் ஏற்பாடுகளும் முடிந்துவிட்டன.

அந்நிலையில்தான் எழுத்தாளர் கே.எஸ். வேங்கடரமணி அவரைக் காஞ்சி காமகோடி பீடாதிபதிகளிடம் அழைத்துச் சென்றார். 1919-இல் தொடங்கிய நெடிய யாத்திரையில் இருந்த மகாசுவாமிகள், 1931 ஜனவரியில் செங்கல்பட்டில் எழுந்தருளியிருந்தார். அப்போது அவருக்கு வயது முப்பத்தாறு.

பிரண்டன் முதலில் உலகின் துன்பங்களைப் பற்றியே வினவினார். போர்க்கலன்களைக் கைவிட்டால் மட்டும் போர் ஓயாது, மனம் மாறாதவரை மனிதன் கோலெடுத்தாவது சண்டையிடுவான் என்ற கருத்தில் சுவாமிகள் விடையளித்தார். பிறகு பிரண்டன் தம் சொந்தக் குறையை வெளியிட்டார். எத்தனையோ பேரைக் கண்டும் தாம் தேடியவர் கிட்டவில்லை என்றும், சுவாமிகளே குருவாக இருந்து அருள வேண்டும் என்றும் வேண்டினார்.

இங்கேதான் மகானின் பெருமை புலப்படுகிறது. கடல் கடந்து வந்த ஒருவர், தாமாகவே சீடராக முன்வந்து நிற்கிறார். சுவாமிகளோ, பீடத்தின் பொறுப்புக்குத் தம் நேரம் முழுவதும் உரியது, தனிச் சீடரை ஏற்க இயலாது என்று மறுத்துவிட்டார். மறுத்ததோடு அவரைக் கைவிடவும் இல்லை. திருவண்ணாமலையில் உறையும் ஸ்ரீ ரமண மகரிஷியைச் சுட்டிக்காட்டி, அவரைக் காணாமல் தென்னாட்டை விட்டுப் போவதில்லை என்று வாக்கும் பெற்றுக்கொண்டார். தம்மை நாடி வந்தவரைத் தம்மிடமே நிறுத்திக்கொள்ளாமல், அவருக்கு உரிய இடத்திற்கு அனுப்புவதே உண்மையான அருள்.

பிரண்டன் பயணத்தை மாற்றிக்கொண்டு அருணைக்குச் சென்றார். 1896-இல், கையில் மூன்று ரூபாயோடு மதுரையிலிருந்து தனியே புறப்பட்டு வந்த சிறுவனே அங்கு மகரிஷியாக வீற்றிருந்தார். கேள்விகளை வரிசைப்படுத்தி வந்த பத்திரிகையாளருக்கு, அந்தச் சந்நிதியின் மௌனத்தில் கேள்விகளே ஒவ்வொன்றாக உதிர்ந்தன. 1934-இல் லண்டனில் வெளியான 'எ சர்ச் இன் சீக்ரெட் இந்தியா' என்ற அவருடைய நூல், ரமணரின் திருநாமத்தை மேலை நாடுகளில் பரவச் செய்தது.

அந்த மணல் தெருக்கள் இன்று இல்லை. வெய்யிலும் கூட்டமும் இரைச்சலும் பன்மடங்கு பெருகிவிட்டன. கோயில் வரிசையில் நிற்கும்போதும் கைக்கடிகாரத்தையே பார்க்கும் காலம் இது. எனினும் பிரண்டனுக்கு வழி திறந்தது அதிசயங்களைக் கண்டபோது அன்று. தம் குறையை ஒளிக்காமல் பெரியவர் முன் வைத்து, மறுப்பையும் பணிவோடு ஏற்று, காட்டிய திசையில் நடந்தபோதே. கபாலியின் சந்நிதியில் ஒரு கணமேனும் அவ்வாறு மனம் திறந்து நிற்போர்க்கு, எந்த நெரிசலும் தடையாகாது.