ஊதாத பலூனும் உண்மை சொல்லும்!

ஞாயிறு இரவு ஒன்பது மணி. "அம்மா, நாளைக்கு சயின்ஸ் ரெக்கார்டு கொடுக்கணும். ரெண்டு பலூன் ஊதவே இல்ல. ஊதிடுச்சுன்னு எழுதிடவா?" என்று வந்து நின்றாள் எட்டாவது படிக்கும் மகள்.

செய்தது எளிய சோதனைதான். மூன்று பாட்டில்களில் தலா 100 மி.லி. தண்ணீர், ஒரு ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் டிரை ஈஸ்ட். வாயில் பலூன். மாற்றியது ஒன்றே ஒன்று, தண்ணீரின் சூடு. ஒன்றில் ஃப்ரிட்ஜ் தண்ணீர், ஒன்றில் வெதுவெதுப்பான தண்ணீர், மூன்றாவதில் ஆவி பறக்கும் சுடுதண்ணீர்.

வெதுவெதுப்பான பாட்டிலின் பலூன் அரை மணியில் நிமிர்ந்துவிட்டது. குளிர்ந்த பாட்டிலில் அசைவே இல்லை. சுடுதண்ணீர் பலூன் முதலில் லேசாகத் தலைதூக்கி, ஆறியதும் துவண்டுவிட்டது. அந்தத் தலைதூக்கல் சூடான காற்று விரிந்ததால் வந்தது. ஈஸ்ட்டின் வேலை அல்ல.

ஈஸ்ட் ஒற்றைச் செல் பூஞ்சை, உயிருள்ளது. சர்க்கரையைத் தின்று கார்பன் டை ஆக்சைடையும் கொஞ்சம் ஆல்கஹாலையும் வெளியேற்றும். 35 முதல் 40 டிகிரி செல்சியஸ் வரையிலான சூட்டில் சுறுசுறுப்பாக வேலை செய்யும். 60 டிகிரியைத் தாண்டினால் செத்துவிடும்.

"அப்போ ஃப்ரிட்ஜ் தண்ணியில இருந்ததும் செத்துடுச்சா?" என்றாள். நல்ல கேள்வி! பதில் சொல்லாமல், ஊதாத இரண்டு பாட்டில்களையும் அப்படியே சமையல் மேடையில் வைத்துவிட்டுப் படுத்தோம்.

காலையில் குளிர்ந்த பாட்டிலின் பலூன் கும்மென்று நின்றது! சுடுதண்ணீர் பாட்டில் அப்படியே கிடந்தது. இரவில் இரண்டு பலூன்களும் ஒரே மாதிரிதான் தொங்கின. ஆனால் ஒன்றில் ஈஸ்ட் தூங்கியது, மற்றொன்றில் இறந்திருந்தது. ஊதியதாகப் பொய் எழுதியிருந்தால் இந்த வித்தியாசம் தெரியாமலே போயிருக்கும்.

வீட்டில் செய்து பார்ப்பவர்களுக்குச் சில குறிப்புகள்:

* ஒரு சமயத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சூட்டோடு சர்க்கரை அளவையும் மாற்றினால் எது காரணம் என்றே தெரியாது.

* அடுத்த முறை உப்பு சேர்த்துப் பாருங்கள். உப்போ சர்க்கரையோ மிக அதிகமானால், ஈஸ்ட்டிலிருந்து நீரை உறிஞ்சி அதை முடக்கிவிடும். ஊறுகாயும் ஜாமும் கெடாமல் இருப்பது இதனால்தான்.

* ஈஸ்ட் போடாத பாட்டில் ஒன்றும் ஒப்பிட இருக்கட்டும்.

* பாட்டிலை மூடியால் இறுக்கி மூடாதீர்கள். வாயு சேர்ந்து வெடிக்கலாம். சுடுதண்ணீரைப் பெரியவர்களே ஊற்றுங்கள்.

பள்ளிக்குக் கிளம்பும் அவசரத்திலும் ரெக்கார்டில் கடைசியாக ஒரு வரி சேர்த்தாள்: 'குளிர் ஈஸ்ட்டை நிறுத்திவைக்கிறது, கொதி சூடு கொன்றுவிடுகிறது.' அவளே கண்டுபிடித்த வரி அது.