இன்னைக்கு என்ன கறி?

கடந்த டிசம்பர் மாதத்தில் ஓர் இரவு. ஜொகூரில் மூன்று நாளாக விடாத மழை. மணி பதினொன்றரை இருக்கும். படுக்கப் போகும் நேரத்தில் எங்கள் புலனக் குழுவுக்கு ஒரு படம் வந்தது. கண்ணாடிப் புட்டியில் வெள்ளையாக, மெழுகு போல் ஏதோ ஒன்று. அதன் கீழே ஒரு வரி: "தேங்கா எண்ணெய் கல்லாயிருச்சுடி. கெட்டுப் போச்சா?"

அனுப்பியவள் என் தோழி. கூலாயில் ஆறாம் படிவம் வரை ஒன்றாகப் படித்தோம். இப்போது அவள் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் படிக்கிறாள். அங்கே அப்போது பிற்பகல் மூன்றரை மணிதான். அதற்குள் இருட்டத் தொடங்கிவிட்டதாம்.

எண்ணெய் கெடவில்லை. தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே போனால் உறைந்துவிடும். அடைமழை நாளில் நம் வீட்டு எண்ணெய் லேசாகக் கலங்கலாம். கல்லாகி நாம் பார்த்ததில்லை. "புட்டியைச் சுடுதண்ணியில கொஞ்ச நேரம் வை, உருகிடும்" என்று பதில் போட்டேன். உடனே அடுத்த கேள்வி வந்தது, அதற்கடுத்த கேள்வியும் வந்தது. அன்று ஒரு மணி வரை கறியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

எங்கள் குழுவில் ஆறு பேர். இருவர் கூலாயிலேயே இருக்கிறோம். ஒருவன் ஸ்கூடாயில் பல்கலைக்கழக விடுதியில் இருக்கிறான். ஒருவன் தினமும் பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய் வருகிறான். ஒருத்தி மெல்பர்னில், இன்னொருத்தி லீட்ஸில். மெல்பர்னில் ஜூன் முதல் ஆகஸ்டு வரை குளிர். லீட்ஸில் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை. ஆகவே எங்கள் குழுவுக்கு ஆண்டுக்கு இரண்டு குளிர்காலம். நமக்கு வாய்த்ததோ வடகிழக்குப் பருவமழை. யார் எந்தக் குளிரில் இருந்தாலும் குழுவில் அதிகம் வரும் கேள்வி ஒன்றுதான்: "இன்னைக்கு என்ன கறி?"

அந்த டிசம்பர் இரவுக்கு முன் ஏறக்குறைய இரண்டு வாரம் அவள் குழுவில் ஒரு வார்த்தையும் பேசவில்லை. தேர்வு நேரம், படிக்கிறாள் என்று நாங்களும் விட்டுவிட்டோம். பல வாரங்கள் கழித்து அழைத்தபோதுதான் சொன்னாள். வகுப்புக்குப் போகாமல், திரைச்சீலையைத் திறக்காமல், ரொட்டியை மட்டும் தின்றுகொண்டு அறையிலேயே கிடந்திருக்கிறாள். "நல்லா இருக்கியான்னு கேட்டா நான் பொய்தான் சொல்லணும். எண்ணெயைப் பத்தி கேக்கறதுக்குப் பொய் சொல்ல வேண்டியதில்ல" என்றாள்.

இதை ஏன் மாணவர் பக்கத்தில் எழுதுகிறேன்? படிக்கிற வயதில் சமையல் பேச்சு எதற்கு, திறன்பேசியில் வெட்டி அரட்டை எதற்கு என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். சில நேரம் நாமே அப்படித்தான் நினைக்கிறோம். நான் அப்படி நினைக்கவில்லை. கறியைப் பற்றிய அன்றாடப் பேச்சு நட்பைத் தாங்கும். வீட்டு அறிவையும் காப்பாற்றும். ஆனால் அதற்குப் படம் மட்டும் போதாது. செய்முறையை எழுதிப் பகிர வேண்டும். நாம் கோட்டை விடுவது இந்த இடத்தில்தான்.

என் கதையையே சொல்கிறேன். தீபாவளிக்கு மறுநாள் ஆட்டிறைச்சிக் கறியின் படத்தைக் குழுவில் போட்டேன். ஐந்து இதயங்கள் வந்தன. லீட்ஸ் தோழி மட்டும் "எப்படிச் செஞ்ச?" என்று கேட்டாள். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. செய்தது அம்மா; நான் படம் எடுத்ததோடு சரி.

அம்மாவிடம் போய்க் கேட்டேன். "கறித்தூள் கொஞ்சம் போடு" என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு? "அது கை சொல்லும்." அடுத்த முறை அம்மா தூளை அள்ளியபோது, சட்டியில் விழுவதற்குள் அந்தக் கைக்குக் கீழே ஒரு தட்டை நீட்டினேன். தட்டில் விழுந்ததைக் கரண்டியால் அளந்தேன். ஒன்றரை மேசைக்கரண்டி. அம்மா சிரித்துவிட்டு, "இத்தனை வருஷமா எனக்கே தெரியாது" என்றார்.

இப்படி யாரும் அளக்காமல் விட்டதால் எங்கள் வீட்டில் ஒரு கறியே போய்விட்டது. என் பாட்டி குளுவாங் பக்கம் ஒரு தோட்டத்தில் வாழ்ந்தவர். அவர் வைத்த மீன் கறியை இன்று அவருடைய மூன்று மகள்களும் மூன்று விதமாக வைக்கிறார்கள். ஒருவர் வெந்தயத்தை முதலில் தாளிக்கிறார். ஒருவர் வறுத்துப் பொடித்துக் கடைசியில் தூவுகிறார். ஒருவர் வெந்தயமே சேர்ப்பதில்லை. மூவரும் "அம்மா இப்படித்தான் செய்வாங்க" என்று அடித்துச் சொல்கிறார்கள். தீர்ப்புச் சொல்லப் பாட்டி இல்லை.

"எல்லாம் வலையொளியில் இருக்கிறதே, பார்த்துச் செய்தால் போகிறது" என்று நீங்கள் சொல்லலாம். இருக்கிறது, மறுக்கவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை இருந்தபோது, சுங்கை சிப்புட்டைச் சேர்ந்த பவித்ரா தன் எளிய சமையலறையிலிருந்து மலாய் மொழியில் பேசிச் சமைத்த காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுப் பெண் சொல்லித் தருவது போல் இருந்ததுதான் அதற்குக் காரணம் என்று நினைக்கிறேன். ஆனால் காணொளி எல்லாருக்குமானது. உன் அடுப்பு எது, உன் பக்கத்துக் கடையில் என்ன கிடைக்கும், உன் கையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது, நண்பனுக்குத் தெரியும்.

எங்கள் குழுவில் முதன்முதலில் முழுமையாக எழுதப்பட்டது சார்டின் கறி. ஒரு டப்பா சார்டின், ஒரு பெரிய வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், ஒன்றரை மேசைக்கரண்டி மீன் கறித்தூள், கொஞ்சம் புளி, பதினைந்து நிமிடம். எழுதி அனுப்பிய மறுநாளே லீட்ஸிலிருந்து புகார் வந்தது: "ஒரே காரம், மீனையே காணோம்." விசாரித்தால், நாம் இங்கே வாங்கும் பெரிய டப்பா 425 கிராம், அவள் வாங்கியது 120 கிராம். செய்முறையில் "டப்பா" என்பதை அழித்துவிட்டுக் கிராமில் எழுதினோம். "கொஞ்சம் புளி" என்பதும் அன்றுதான் "சிறிய எலுமிச்சை அளவில் பாதி" ஆனது. தெளிவாக எழுதுவது என்றால் என்ன என்று எந்தக் கட்டுரைப் பயிற்சியும் எனக்கு இவ்வளவு நன்றாகக் கற்றுத்தந்ததில்லை.

அளவோடு காரணத்தையும் எழுதத் தொடங்கினோம். "எண்ணெய் மேலே வரல" என்பது அடிக்கடி வரும் புலம்பல். வெங்காயம், தக்காளியில் உள்ள நீர் வற்றும் வரை எண்ணெய் மசாலாவோடு கலந்தே இருக்கும். நீர் வற்றினால்தான் பிரிந்து வரும். விடுதியின் மின் அடுப்பில் சூடு குறைவு, அதனால் நேரம் கூடுதலாக எடுக்கும். அவசரப்பட்டுத் தண்ணீர் ஊற்றினால் பச்சை வாசனை போகாது. தோசை மாவு குளிரில் புளிக்காது, வெதுவெதுப்பு வேண்டும். மெல்பர்ன் தோழி அடுமனைப் பெட்டிக்குள் விளக்கை மட்டும் எரியவிட்டு அதனுள் மாவை வைக்கிறாள். புதிய கறிவேப்பிலையைப் பெட்டியில் எடுத்துச் செல்லப் பல நாடுகளில் தடை உண்டு; பயிர்களைத் தாக்கும் பூச்சியும் நோயும் அதனோடு போய்விடும் என்பதே காரணம். ஆகவே புறப்படுமுன் விதிகளைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் இருப்பவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். மிஞ்சிய சோற்றை இரவு முழுவதும் வெளியே வைக்காதீர்கள். பசிலஸ் செரியஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கொதியிலும் சாகாது. சோறு வெளியே கிடக்கும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நஞ்சு போகாது. ஆறியதும் ஓரிரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

குழுவில் சண்டையும் வரும். ஒருமுறை லீட்ஸ் தோழி அரிசி தீர்ந்துவிட்டதென்று ஸ்பகெட்டியை அவித்து அதன்மேல் மீன் கறியை ஊற்றிப் படம் போட்டாள். ஸ்கூடாய் நண்பன் "இதுக்குப் பேரு கறியா?" என்று கிண்டலடித்தான். அவன் ஜொகூர்க்காரன், அப்படிக் கேட்கலாமா? நம் மாநிலத்தின் பெருமையான லக்சா ஜொகூர், ஸ்பகெட்டியின் மேல் தேங்காய்ப் பால் சேர்த்த மீன் குழம்பை ஊற்றிச் செய்வதுதானே! ஐரோப்பா சென்ற சுல்தான் அபு பக்கார் அங்கே உண்ட உணவின் நினைவில் பிறந்தது அது என்று ஒரு கதையும் சொல்லப்படுகிறது. கதை எப்படியோ, லக்சாவில் இருப்பது ஸ்பகெட்டிதான். கிடைத்ததைக் கொண்டு சமைத்தவரை நாம் கேலி செய்தால், அடுத்த முறை அவர் எதையும் பகிர மாட்டார்.

வாசனைக்கும் வருகிறேன். காய்ந்த மிளகாயை வதக்கிச் சம்பால் செய்த அன்று லீட்ஸ் விடுதியில் புகை எச்சரிக்கை மணி அடித்துவிட்டது. குளிரில் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். பிறகு சிலர் வாசனையைப் பற்றி முகம் சுளித்தார்கள். அவளுக்கு அழுகையே வந்துவிட்டதாம்.

இப்படி ஒரு பிரச்சினை பாலத்துக்கு அந்தப் பக்கமே நடந்திருக்கிறது. சிங்கப்பூரில், சீனாவிலிருந்து புதிதாகக் குடியேறிய ஒரு குடும்பம், பக்கத்து வீட்டு இந்தியக் குடும்பம் சமைக்கும் கறியின் வாசனையைத் தாங்க முடியவில்லை என்று முறையிட்டது. சமூக சமரச மையத்தில் பேசி ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள்: அண்டை வீட்டார் இல்லாத நேரத்தில் மட்டும் கறி சமைப்பது, அவர்களும் கறியைச் சுவைத்துப் பார்ப்பது. சில ஆண்டுகள் கழித்து, 2011 ஆகஸ்டில் இது நாளிதழில் வந்தபோது மக்கள் கொதித்துப் போனார்கள். முகநூலில் ஓர் அழைப்பு எழுந்தது: ஆகஸ்ட் 21, ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் ஒரு சட்டி கறி சமைப்போம். 50,000க்கும் மேற்பட்டோர் ஆதரவு தெரிவித்தார்கள். தமிழர் மட்டுமல்ல, சீனர்களும் மலாய்க்காரர்களும் கறி வைத்தார்கள்.

அத்தனை பேர் கறிக்காக ஒன்று சேர்ந்தது எனக்குப் பெருமைதான். ஆனாலும் அந்தச் செய்தியில் என் மனத்தில் நிற்பது அந்த எண்ணிக்கை அல்ல. உடன்பாட்டின் இரண்டாம் பாதி, சுவைத்துப் பார்ப்பது. அந்தக் கதையைக் குழுவில் பகிர்ந்தேன். லீட்ஸ் தோழி அடுத்த வாரம் சன்னலைத் திறந்து வைத்து, மிதமான சூட்டில் பருப்புக் கறி வைத்து, முகம் சுளித்த இருவரையும் சாப்பிட அழைத்தாள். ஒருத்தி வந்தாள், ஒருத்தி வரவில்லை. வந்தவள் இப்போது வாரம் ஒருமுறை பருப்புக்கு வருகிறாள்.

நண்பர்களே, குறிப்பாகத் தம்பிமார்களே, ஒன்று கேட்கிறேன். இந்தக் கேள்விகளைக் குழுவில் பெரும்பாலும் பெண்களே கேட்கிறோம். பெண்களே பதில் சொல்கிறோம். பையன்கள் இதயம் போடுகிறார்கள். எஸ்பிஎம், எஸ்டிபிஎம் முடித்து வெளியூர் போகும்போது பசி ஆண், பெண் பார்த்து வராது. ஓர் அடிப்படைக் கறியும் சோறும் சமைக்கத் தெரியாமல் வீட்டை விட்டுப் புறப்படுவது, நீந்தத் தெரியாமல் ஆற்றில் இறங்குவது போலத்தான்.

இந்த வார இறுதியில் ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் உங்களுக்கு மிகவும் பிடித்த ஒரே ஒரு கறியைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவோ அப்பாவோ பாட்டியோ சமைக்கும்போது பக்கத்தில் நில்லுங்கள். கை அள்ளுவதைக் கரண்டியால் அளந்து எழுதுங்கள். ஏன் அப்படிச் செய்கிறார் என்று கேட்டு, சொல்லும் காரணத்தை அவர் பேசுகிற தமிழிலேயே எழுதுங்கள். தாளிப்பது, வதக்குவது, சுண்டவிடுவது என ஒவ்வொன்றுக்கும் தமிழில் தனித்தனிச் சொல் உண்டு. பயன்படுத்தாவிட்டால் அவையும் பாட்டியின் மீன் கறி போல் போய்விடும். பிறகு நீங்களே ஒருமுறை சமைத்துப் பாருங்கள். கெட்டுப் போனால் அதையும் சேர்த்து எழுதி நண்பர்களுக்கு அனுப்புங்கள். நான் உப்பை இருமுறை போட்ட கதையைப் படித்த பிறகுதான் மெல்பர்ன் தோழி துணிந்து அடுப்பைப் பற்ற வைத்தாள்.

குழுவில் யாராவது சில நாள் பேசாமல் இருந்தால், "ஏன் பேசல?" என்று கேட்காதீர்கள். "இன்னைக்கு என்ன கறி?" என்று கேளுங்கள். "ஒன்னும் சமைக்கல" என்று பதில் வந்தால், அவரை அழைத்துப் பேசுங்கள்.

எங்கள் குழுவில் இதுவரை பதினொரு கறிகள் எழுதியிருக்கிறோம். பன்னிரண்டாவது பாட்டியின் மீன் கறி. அதை மூன்று விதமாகவும் எழுதி வைத்திருக்கிறேன். வெந்தயத்தை எப்போது போடுவது என்று அம்மாவும் சின்னம்மாவும் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.