டிஸ்க் கெட்டுப்போகவில்லை, விண்டோஸ் தூங்குகிறது

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

இந்த மாதம் மூன்று பேர் ஒரே பிரச்சினைக்காகப் போன் செய்தார்கள். ஒருவர் பாலக்கோடு, இருவர் ஓசூர். ஒரே லேப்டாப்பில் விண்டோஸும் லினக்ஸும் இருக்கிறது. படங்கள், சான்றிதழ் ஸ்கேன் எல்லாம் இரண்டுக்கும் பொதுவான டி டிரைவில். விண்டோஸில் திறக்கிறது. லினக்ஸில் மவுன்ட் ஆகவில்லை, அல்லது படிக்க மட்டும்தான் முடிகிறது. கடையில் மூவருக்கும் கிடைத்த பதில் ஒன்றுதான்: "லினக்ஸ் வச்சிருந்தா இப்படித்தான் சார், ஃபார்மட் பண்ணிடலாம்." ஒருவர் தலையாட்டிவிட்டார். மறைந்த அவருடைய அம்மாவின் படங்கள் அதில்தான் இருந்தன.

கோபம் வராமல் என்ன செய்யும்? காய்ச்சல் என்று வந்தவன் தலையை எடுப்பதா வைத்தியம்?

நடப்பது இதுதான். 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒன்று உண்டு. பெரும்பாலான லேப்டாப்புகளில் நம்மைக் கேட்காமலே இயக்கத்தில் இருக்கும். 'ஷட் டவுன்' அழுத்தினால் விண்டோஸ் முழுதாக மூடாது. தன் உள்வேலைகளை அப்படியே டிஸ்கில் எழுதிவைத்துவிட்டுத் தூங்கும். மறுநாள் அதை எடுத்துத் தொடரும். வேகமாகத் திறப்பதாக நமக்குத் தோன்றுவது இதனால்தான். வேடிக்கை என்னவென்றால், 'ரீஸ்டார்ட்' கொடுத்தால்தான் உண்மையிலேயே முழுதாக மூடும்.

வருகைப் பதிவேட்டைப் பாதி எழுதிவிட்டு ஒரு ஆசிரியர் வெளியே போகிறார். மீதி அவர் மனக்கணக்கில் இருக்கிறது. அந்த நேரத்தில் நான் போய் அதே பக்கத்தில் எழுதினால், அவர் திரும்பி வந்து மனக்கணக்கை வைத்து என் எழுத்தின் மேலேயே எழுதுவார். பக்கம் நாசம். லினக்ஸ் இது தெரிந்துதான் எழுத மறுக்கிறது. விண்டோஸ் தூங்கிக்கொண்டிருக்கிறது என்று காரணமும் சொல்கிறது. அந்த வரியைத்தான் கடைக்காரர் படிக்கவில்லை.

இப்போது எதிர்ப்பக்கம் பாருங்கள். லினக்ஸின் ஈஎக்ஸ்டி4 முறையில் அமைத்த வெளி டிஸ்க்கை விண்டோஸில் செருகினால், "இதைப் பயன்படுத்த ஃபார்மட் செய்ய வேண்டும்" என்று கேட்கும். "எனக்குப் படிக்கத் தெரியவில்லை" என்றல்லவா சொல்ல வேண்டும்? தனக்குப் புரியாத பாஷையில் இருக்கும் புத்தகத்தை அடுப்பில் போடலாமா என்று கேட்கிற ஆள் நல்லவன், தொடாமல் ஒதுங்கி நிற்கிறவன் கெட்டவனாம். என்ன நியாயம் இது?

செய்ய வேண்டியது சின்ன வேலை. விண்டோஸில் கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், பவர் பட்டன் பகுதி. அங்கே ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பில் இருக்கும் டிக்கை எடுங்கள். பிறகு முழுதாக மூடிவிட்டு லினக்ஸுக்குள் வாருங்கள். அப்போதும் திறக்காவிட்டால் விண்டோஸுக்குத் திரும்பி அந்த டிரைவின் பிராப்பர்ட்டீஸில் எரர் செக்கிங் ஓட்டுங்கள். புது லேப்டாப் என்றால் பிட்லாக்கர் பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். பூட்டியிருந்தால் அந்த 48 இலக்கச் சாவியை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். யூடியூபைப் பார்த்து, தூங்கும் விண்டோஸின் சேமிப்பை அழித்து மவுன்ட் செய்யும் கட்டளையை மட்டும் ஓட்டாதீர்கள். விண்டோஸில் சேமிக்காமல் விட்ட வேலை போய்விடும்.

எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றலாமா என்றார் ஒரு தம்பி. அதன் விவரக்குறிப்பை மைக்ரோசாஃப்ட் 2019இல் வெளியிட்டது, லினக்ஸும் சேர்த்துக்கொண்டது. பென் டிரைவுக்கு நல்லது. ஆனால் எழுதும்போது கரன்ட் போனால் சமாளிக்கும் பதிவேடு அதில் கிடையாது. வீட்டுப் படங்களுக்கு நான் சொல்ல மாட்டேன்.

கடைக்காரரை மட்டும் திட்டி என்ன பயன்? 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கியது. முதலில் வந்தவற்றில் விண்டோஸ் 7 ஸ்டார்ட்டரும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நல்ல யோசனை. கூலி வேலைக்குப் போகிறவர் வீட்டுப் பிள்ளைக்கு இரண்டு உலகமும் ஒரே பெட்டியில் கிடைத்தது. ஆனால் அந்த இரண்டும் எப்படிச் சேர்ந்து குடித்தனம் நடத்தும் என்று ஒரு வகுப்பு, ஒரு மணி நேரம் நடத்தியிருக்க வேண்டாமா? என்னிடம் படித்து மேல்நிலைக்குப் போன எத்தனையோ பிள்ளைகள் அடுத்த வாரமே கடைக்கு ஓடி, பாஸை அழித்துத் திருட்டு விண்டோஸ் போட்டுக்கொண்டு வந்தார்கள். இலவசமாகவும் நேர்மையாகவும் கிடைத்ததை எடுத்துவிட்டுத் திருட்டுச் சரக்குக்குக் காசும் கொடுத்தார்கள்!

"இரண்டு எதற்கு சார், ஒன்று போதாதா?" என்பார்கள். போதும் என்றால் ஒன்றே வைத்துக்கொள்ளுங்கள், எனக்கு வருத்தமில்லை. எதை வைப்பது, எதை எடுப்பது என்று பெட்டிக்குச் சொந்தக்காரர் முடிவு செய்யட்டும். கடையில் இருக்கும் பையன் முடிவு செய்யக்கூடாது.

தர்மபுரி, பென்னாகரம் பக்கம் இருப்பவர்கள் ஃபார்மட்டுக்குச் சம்மதிக்கும் முன் பெட்டியை என் வீட்டுக்குக் கொண்டு வாருங்கள். காலை பத்து மணிக்கு மேல் இருப்பேன். சார்ஜரும் கொண்டு வாருங்கள், போன முறை இரண்டு பேர் மறந்துவிட்டார்கள்.