காபி போடும் நேரத்து வெளிச்சம்

கோடை விடுமுறை வந்துவிட்டால் ஊட்டி, கொடைக்கானல் என்று கிளம்பாத குடும்பம் இப்போது குறைவு. திரும்பி வந்ததும் அக்கம்பக்கத்தாருக்குப் போட்டோ காட்டும் படலம் ஆரம்பமாகும். செல்போனில் நானூறு படம் இருக்கும். அத்தனையிலும் நாமே பல்லைக் காட்டிக்கொண்டு நிற்போம். பின்னால் மலை என்று ஒன்று, சாம்பல் பூசின மாதிரி மங்கலாகத் தெரியும். "நேர்ல எவ்வளவு அழகா இருந்துது தெரியுமா! போட்டோவுல விழலை" என்று சமாதானம் வேறு சொல்லுவோம். ஏன் விழவில்லை? இந்தத் தடவை அதைத்தான் பேசப் போகிறேன், சகோதரிகளே.

இன்னும் விலை ஜாஸ்தியான போன் வாங்கினால் சரியாகிவிடும் என்று வீட்டு ஆண்கள் சொல்லுவார்கள். நம்பாதீர்கள். நாம் போகிற நேரம்தான் சரியில்லை. லாட்ஜில் எட்டு மணிக்கு எழுந்து, ஒவ்வொருத்தராகக் குளித்து, டிபனை முடித்து, வேனைப் பிடித்து, மலைமுகட்டில் போய் நிற்கும்போது உச்சி வேளை. சூரியன் தலைக்கு நேர் மேலே. அந்த வெளிச்சத்தில் மலையின் மடிப்பும் தெரியாது, பள்ளமும் தெரியாது.

உங்களுக்குத் தெரிந்த விஷயத்தையே சொல்கிறேன். காலையில் ஜன்னல் வழியாக வெயில் சாய்ந்து விழும்போது பாருங்கள், பெருக்கின தரையிலும் தூசி ஒவ்வொன்றாகத் தெரியும். மத்தியானம் அதே தரை பளிச்சென்று சுத்தமாக இருக்கிற மாதிரித் தோன்றும். தூசி எங்கேயும் போய்விடவில்லை. சாய்ந்த வெளிச்சத்தில் சின்ன மேட்டுக்கும் நீளமாக நிழல் விழுகிறது, அதனால் கண்ணுக்குப் படுகிறது. மலைக்கும், வயல் வரப்புக்கும், கடற்கரை மணலுக்கும் இதே கதைதான். போதாததற்கு, சூரியன் கீழே இருக்கும்போது வெளிச்சம் காற்றுக்குள் வெகுதூரம் கடந்து வர வேண்டியிருக்கிறது. வழியில் நீலம் சிதறிப் போய்விட, மஞ்சளும் சிவப்பும் அதிகமாக நம்மிடம் வந்து சேருகிறது. உதயத்துக்குப் பிறகு ஒரு முக்கால் மணி, அஸ்தமனத்துக்கு முன்னால் ஒரு முக்கால் மணி. நல்ல படம் எல்லாம் பெரும்பாலும் இதற்குள்தான்.

கொடைக்கானல் மாதிரி இடங்களில் சாயந்தரத்தை நம்பவும் முடியாது. மத்தியானத்துக்கு மேல் பல நாள் பனிமூட்டம் ஏறி வந்து பள்ளத்தாக்கையே மூடிவிடும். ஆகவே காலைதான்.

இங்கேதான் நமக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. அந்த நேரத்தில் குடும்பத்தில் யார் விழித்திருப்பது? நாம்தான்! 5 மணிக்குக் கண் திறந்துவிடும் பழக்கம் லாட்ஜுக்குப் போனாலும் நம்மை விடுகிறதில்லை. ஊரில் இருந்தால் அந்த வெளிச்சம் பூராவும் பால் காய்ச்சுவதிலும் டிபன் டப்பா கட்டுவதிலும் போய்விடும். இருபது வருஷமாக உதயத்தைச் சமையலறை ஜன்னல் கம்பி வழியாகவே பார்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! வெளியூரில் காபி போட வேண்டிய வேலை இல்லை. அந்த ஒரு மணியை நமக்கென்று எடுத்துக்கொண்டால் என்ன?

போன மே மாதம் நாங்கள் கொடைக்கானல் போயிருந்தபோது என் நாத்தனாரிடம் இதைச் சொன்னேன். "எல்லாரும் தூங்கறப்ப நாம மட்டும் எப்படி அண்ணி போறது? குழந்தை எழுந்துட்டா?" என்றாள். "எழுந்தா அவங்கப்பா இருக்கார். ஒரு நாள் பால் கலக்கிக் குடுக்கத் தெரியாதா?" என்றேன். சால்வையைப் போர்த்திக்கொண்டு இரண்டு பேருமாகக் கோக்கர்ஸ் வாக் போனோம். 1872ல் மலைச்சரிவு ஓரமாகப் போட்ட நடைபாதை அது, ஒரு கிலோமீட்டர் இருக்கும். கீழே பள்ளத்தாக்கு. கிட்டே இருந்த சரிவு கரும்பச்சையாக இருந்தது. அதற்குப் பின்னால் இருந்த மலை நீலம், அதற்கும் பின்னால் வெளிர்நீலம், கடைசியில் புகை மாதிரி ஒரு கோடு. தூரம் கூடக் கூட நடுவில் காற்றும் ஈரமும் அதிகம், அதனால்தான் இந்த அடுக்கு நிறம். நாத்தனார் உடனே போனை நீட்டினாள். "இரு, கிட்டத்தில ஏதாவது ஒண்ணைச் சேத்துக்கோ" என்றேன். கைப்பிடிக் கம்பி படத்தில் விழாமல் ஒதுங்கி நின்று, பாதை ஓரத்தில் பூத்திருந்த ஒரு செடி கீழ் மூலையில் வருகிற மாதிரி எடுத்தாள். கிட்டே ஒரு பொருள் இருந்தால்தான் தூரம் எவ்வளவு என்று கண்ணுக்குப் புரியும். அந்தப் படம் இன்றைக்கு அவள் வீட்டுக் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதில் எங்கள் குடும்பத்தார் ஒருத்தர்கூட இல்லை!

சில்லறை விஷயங்களும் இருக்கின்றன. முதலாவது, லென்ஸைத் துடையுங்கள். நம் கை பட்ட போனில் எண்ணெயும் மஞ்சளும் ஒட்டாமல் இருக்காது. படம் பனி மூடின மாதிரி வருவதற்குப் பாதிக் காரணம் அதுதான். பழைய வேட்டித் துணி போதும். இரண்டு விரலால் இழுத்துப் பெரிது பண்ணாதீர்கள். உருவம் பெரிதாகும், தெளிவு போய்விடும். முடிந்தால் நாலு அடி நடந்து கிட்டே போங்கள். திரையில் கட்டக் கோடு வருகிற வசதி பெரும்பாலான போன்களில் உண்டு. அதைப் போட்டுக்கொண்டால் கடலும் ஏரியும் ஒரு பக்கம் சாயாமல் நேராக வரும். வானம் வெள்ளையாக வெளுத்துப் போகிறதா? திரையில் வானத்தின் மேல் விரலால் ஒரு தட்டுத் தட்டுங்கள். கூடவே வருகிற சின்னச் சூரியனைக் கீழே இறக்கினால் வெளிச்சம் அடங்கி, மேகம் தெரியும். மல்லி, தும்பை மாதிரி வெள்ளைப் பூவுக்கும் இதே வைத்தியம்.

வெளியூர் போக வசதி இல்லையா? மொட்டை மாடியே போதும். வாழை இலைக்குப் பின்னால் சூரியன் இருக்கும்படி நின்று பாருங்கள். நரம்பு நரம்பாக இலை விளக்குப் போட்ட மாதிரி ஒளிவிடும். மழை விட்டதும் முருங்கையை எடுங்கள். தூசி கழுவிப் போயிருப்பதால் பச்சை அசல் பச்சையாக விழும். 1843ல் இங்கிலாந்தில் ஆனா அட்கின்ஸ் என்ற பெண்மணி, மருந்து பூசின காகிதத்தில் கடல்பாசிகளை வைத்து வெயிலில் காட்டி, தண்ணீரில் அலசி, நீல நிறத்தில் படங்கள் செய்து புத்தகமாக்க ஆரம்பித்தார். புகைப்படங்களோடு வந்த முதல் புத்தகம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். காமிராவே கிடையாது, வெறும் வெயில்!

பறவை எடுக்க மட்டும் நம் போன் லாயக்கில்லை. வேடந்தாங்கலில் ஒரு நாரையைத் தனியாக எடுக்கப் பார்த்தால் வெள்ளைப் புள்ளிதான் கிடைக்கும். மரம் முழுக்கப் பறவை நிறைந்திருப்பதை எடுங்கள், அது அழகு. கூட்டுக்கிட்டே போய்க் கலைக்க வேண்டாம்.

ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். போனைப் பார்த்துக்கொண்டே பின்னால் அடி எடுத்து வைக்காதீர்கள். மலை ஓரம், அருவிப் பாறை இரண்டும் பொல்லாதவை. குழந்தை கூட இருந்தால் முதலில் அதன் கை, அப்புறம் போன். இரண்டும் ஒரே சமயத்தில் முடியாது.

என் பிறந்த ஊரில் ஒரு கண்மாய் இருந்தது. கரையெல்லாம் பனைமரம், மழைக்காலத்தில் தாமரை. இப்போது அங்கே வீட்டு மனைக் கல் நட்டிருக்கிறார்கள். அந்தக் கண்மாய்க்கு ஒரு படம்கூட எங்கள் வீட்டில் கிடையாது. என் சித்தி கல்யாண போட்டோவில், நின்று கொண்டிருக்கும் பதினெட்டுப் பேர் தோளுக்கு நடுவே விரற்கடை அகலத்துக்குத் தண்ணீர் தெரிகிறது, அவ்வளவுதான். பிலிம் காலத்தில் ஒரு சுருளுக்கு 36 படம். ஆளில்லாத படத்துக்குக் காசை விரயம் பண்ணுவார்களா என்ன? இப்போது அந்தக் கணக்கு இல்லை. உங்கள் ஊர்க் குளத்தை, ஆலமரத்தை, கிணற்றடியை இந்தப் பொங்கலுக்குப் போகும்போது ஒரு காலை நேரத்தில் எடுத்துவிடுங்கள். என் பெண்ணுக்குத் தாமரைக் கண்மாய் என்று வாயால் சொன்னால், "போம்மா" என்று சிரிக்கிறாள்.

கொடைக்கானல் போகிறவர்களுக்கு இன்னொன்று. நீலக்குறிஞ்சி 12 வருஷத்துக்கு ஒரு தடவை பூப்பது. 2006ல் பூத்தது, பிறகு 2018ல். அடுத்தது 2030ல் வர வேண்டும். அதற்குள் கை பழகிவிடும்.

எடுத்த படத்தில் மனசுக்குப் பிடித்த பத்தையாவது ஸ்டுடியோவில் கொடுத்துக் காகிதத்தில் போட்டு வாங்குங்கள். போன் தண்ணீரில் விழுந்தால் எல்லாம் போச்சு. பின்பக்கம் ஊரும் தேதியும் பென்சிலால் எழுதுங்கள். பேனா மை வேண்டாம், ஊறி முன்பக்கம் வந்துவிடும்.