பழைய உறுப்பும் புதிய உருவமும்

காவேரிப்பாக்கத்துப் பேரேரி பல்லவர் காலத்தது என்பர். 19ஆம் நூற்றாண்டில் வாலாஜாபேட்டையை அடுத்துப் பாலாற்றின் குறுக்கே அணைக்கட்டு எழுந்தபோது, அதனை எழுப்பிய பொறியாளர்கள் இவ்வேரியைப் புறக்கணித்துப் புதியதொன்றை வெட்ட முனையவில்லை. இருந்த ஏரியையே புதிய பாசன அமைப்பின் ஓர் உறுப்பாக்கினர். முன்னோர் செய்தது உறுப்பு. பின்னோர் செய்தது இணைப்பு. இரண்டும் கூடியே வயல்களுக்கு நீர் தந்தன.

இன்று கணினி வழி வடிவமைப்பில் நிகழ்வதும் இதுவே. முன்பே வரைந்து வைத்த உறுப்புகளை எடுத்து, புதிய பொருளொன்றில் பொருத்துகின்றனர். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை எனத் தோல் தொழிலால் வாழும் நம் வட்டாரத்திற்கு இஃது அயலார் செய்தியன்று. நம் அன்றாடப் பிழைப்போடு பிணைந்தது.

ஒரு காலணியை எண்ணிப் பாருங்கள். ‘லாஸ்ட்’ எனப்படும் கால்வடிவக் கட்டை, அதன்மேல் இழுத்துப் பொருத்தப்படும் ‘அப்பர்’, அடியில் ஒட்டப்படும் ‘சோல்’ ஆகிய மூன்றையும் கொண்டே காலணி உருவாகிறது. கட்டையும் சோலும் ஒன்றாகவே இருக்க, அப்பரை மட்டும் மாற்றிப் பல புதிய மாதிரிகளைப் படைக்க இயலும். ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கட்டை, புதிய சோல் வார்ப்பச்சு எனத் தொடங்கினால் பொருளும் காலமும் வீணாகும். பாலாறு மாசுற்றது குறித்து உச்ச நீதிமன்றம் 1996இல் தீர்ப்பளித்த மண் இது. இங்கே விரயம் என்பது பணக்கணக்கு மட்டுமன்று.

ஆயினும் பழைய உறுப்பைக் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துப் பொருத்த முடியாது. ஐரோப்பிய அளவுமுறையில் ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் இடையே நீள வேறுபாடு ஒரு சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு; ஆங்கில அளவுமுறையில் ஓர் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. முன்னது ஏறத்தாழ 6.7 மில்லிமீட்டர்; பின்னது ஏறத்தாழ 8.5 மில்லிமீட்டர். ஒரு முறைக்கு வார்த்த சோலை மற்றொரு முறைக் கட்டையில் பொருத்த முயன்றால் தோலும் உழைப்பும் பாழ். எந்த உறுப்பு, எந்த அளவுக்கு, எதற்காகச் செய்யப்பட்டது என்பதை அறிந்தவனே அதனை மறுமுறை ஆள முடியும்.

கணினி வரைதலின் முன்னோடியான ‘ஸ்கெட்ச்பேட்’ என்னும் மென்பொருளை 1963இல் அமெரிக்காவில் ஐவன் சதர்லண்ட் படைத்தார். மூல வரைபடம் ஒன்றைத் திருத்தினால், அதிலிருந்து எடுத்தாளப்பட்ட படிவங்கள் அனைத்தும் தாமே திருந்தும் வழியை அவர் அன்றே வகுத்தார். இஃது ஒரு வரம். கவனம் தவறினால் அதுவே வினை. புதிய மாதிரி ஒன்றுக்காகக் குதிகாலின் உயரத்தை மூன்று மில்லிமீட்டர் குறைக்கிறார் ஓர் இளைஞர் எனக் கொள்வோம். அவர் கைவைத்தது மூல உறுப்பில் எனில், அதனோடு இணைக்கப்பட்ட பழைய மாதிரிகள் பத்திலும் குதிகால் குறைந்துவிடும். திருத்துவதற்குமுன் தனிப்படி எடுத்து, தனிப்பெயர் சூட்டியிருக்க வேண்டும். ‘புதியது’, ‘கடைசி’, ‘கடைசிக்குப் பின்’ என்று பெயரிட்டால், ஆறு திங்கள் சென்றபின் பெயரிட்டவருக்கே அது விளங்காது.

தமிழ் பயின்றோருக்கு இந்நெறி புதிதன்று. நன்னூலார் வகுத்த பகுபத இலக்கணம் வேறென்ன? ‘நடந்தான்’ என்பதில் நின்ற ‘ஆன்’ விகுதியே ‘தைத்தான்’ என்பதிலும் வந்து நிற்கிறது. உறுப்பு ஒன்று, சொற்கள் பல. ‘வந்தான்’ என்று புணரும்போது ‘வா’ என்னும் பகுதி ‘வ’ எனக் குறுகுகிறது. அதனால் மூலமான ‘வா’ சிதைவதில்லை. மாற்றம் இணைப்பில் நிகழ்கிறது; மூலம் காக்கப்படுகிறது. இதனை வகுப்பறையில் கற்ற மாணவர், கணினி முன் அமர்ந்தால் தயங்க வேண்டியதில்லை.

“பழையதை எடுத்தாள்வது சோம்பலன்றோ? படைப்பாற்றல் குன்றாதோ?” என வினவும் பெரியோர் உண்டு. அவர்களுக்கு உமறுப்புலவரே விடை. சீறாப்புராணத்தில் அவர் தமிழ்க் காப்பியங்களின் நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் அமைப்பாக ஏற்றார். அவற்றைக் கொண்டு அண்ணல் நபி (ஸல்) அவர்களின் வாழ்வைப் பாடினார். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்ரத்து எனக் காண்டங்களுக்குப் புதுப்பெயர் சூட்டினார். அதனைச் சோம்பல் என்பார் உளரோ?

ஆனால் எடுத்தாளும் உறுப்பு நம்முடையதாக, அல்லது உரியவர் இசைவு பெற்றதாக இருத்தல் வேண்டும். அயல்நாட்டு நிறுவனம் நம்பி ஒப்படைத்த வடிவம் அமானிதம். அதனை மற்றொருவர் பணிக்கு எடுத்துப் பொருத்துவது களவேயன்றி மறுபயன் ஆகாது.

இங்கேதான் நம் உண்மையான குறை வெளிப்படுகிறது. பிறர் வடிவத்தைப் பழுதறத் தைத்துக் கொடுப்பதில் நாம் வல்லவர்கள். நமக்கென ஓர் உறுப்புக் களஞ்சியம் எத்தனை பேரிடம் உள்ளது? தாளை மடித்துக் கத்தியால் கீறி அப்பரின் வடிவத்தை எடுத்த பழைய ‘பேட்டர்ன் மாஸ்டர்’களின் அறிவு, எழுதப்படாமலே அவர்களோடு மறைந்து வருகிறது. எந்தத் தோல் எவ்வளவு இழுபடும், எங்கே எவ்வளவு மடிப்பு விட வேண்டும் என்பவை அவர்கள் விரல்நுனியில் இருந்தவை. அவை எழுத்தில் ஏறாவிடின் கணினியில் எஞ்சுவது வெறுங்கோடுகளே.

இப்பணியில் தமிழ்த்துறைக்கும் பங்குண்டு என்பதே என் கருத்து. கணினித்துறை மாணவரும் தமிழ்த்துறை மாணவரும் இணைந்து அம்முதியோரை நாடிச் செல்லட்டும். அவர்கள் வழங்கும் தொழிற்சொற்களையும் அளவுகளையும் காரணங்களையும் பதிவு செய்யட்டும். ஒவ்வோர் உறுப்புக்கும் பெயர், அளவு, செய்த ஆண்டு, செய்தவர் பெயர் ஆகியவற்றைச் சேர்த்துக் களஞ்சியம் அமைக்கட்டும். மென்பொருளுக்குப் பெரும்பொருள் வேண்டுமே என அஞ்ச வேண்டா. ‘ஃப்ரீகேட்’ போன்ற கட்டணமில்லா மென்பொருள்கள் உள்ளன. 2024இல் வெளிவந்த அதன் 1.0 பதிப்பில், உறுப்புகளை ஒருங்கிணைக்கும் வசதியும் உள்ளேயே அமைந்துள்ளது.

ஏரி வெட்டியவர், பின்னாளில் அணைக்கட்டு வரும் என்று அறிந்திரார். எனினும் பின்வந்தோர்க்குப் பயன்படும் வண்ணம் கரையை உறுதியாகக் கட்டினார். நாமும் நம் பின்னோர் எடுத்தாளத்தக்க உறுப்புகளைச் செம்மையாகச் செய்து, பெயரிட்டு வைத்துச் செல்வோம். அதற்கு வல்ல இறைவன் துணை நிற்பானாக!